புது வெர்ஷன் வந்துட்டாம்லா!

மருமவப்பிள்ளே, உம்ம வாட்ஸ்அப்பு வந்து சேர்ந்துச்சு. ஆபீசுல ஆறு மெஷினு, ஆறுலயும் விண்டோஸ் பத்தும் ஆபீசு 2016-ம் ஓடுது. ஆபீசு 2024 வாங்கவா, மாசாமாசம் கட்டுத 365 போடவா, இல்ல இப்படியே ஓட்டிட்டுப் போகவான்னு கேட்டிருக்கீரு. சந்தோசம். ஆனா கேள்விக்குக் கீழயே ஒரு கொட்டேஷனையும் போட்டோ புடிச்சு அனுப்பியிருக்கீரே, அதுல அட்வான்சு வாங்கிக்கிட்டேன்னு அதை விக்க வந்த பையன் கையெழுத்துப் போட்டிருக்கான், கவனிச்சீரா? முடிவை எடுத்துட்டு யோசனை கேக்க வாரது உம்ம வம்சத்து வழக்கம் வே. உம்ம அப்பா என் தங்கச்சியைப் பொண்ணு பாக்க வந்ததும் அப்படித்தான். கல்யாண மண்டபத்துக்கு அட்வான்சு குடுத்துட்டுத்தான் வந்தாரு.

எனக்கு என்ன வே தெரியும்? கிளியரிங் ஆபீசுல கார்பன் பேப்பர் வச்சு பில் ஆஃப் என்ட்ரி டைப் அடிச்ச ஆளு நான். நாலு காப்பி எடுப்போம். நாலாவதுல எழுத்து இருக்கா இல்லையான்னு வெயில்ல தூக்கிப் பிடிச்சுத்தான் பாக்கணும். அந்தக் காலத்து மனுசன்கிட்ட வந்து வெர்ஷன் கேக்கீரு. கேட்டுட்டீருல்லா, இனிமே முழுசாக் கேட்டுத்தான் ஆகணும்.

மொதல்ல அந்தத் தேதி. "சப்போர்ட்டு முடிஞ்சு போச்சு அண்ணாச்சி"ன்னு அந்த விக்கிற பையன் சொன்னதும் உமக்கு வேர்த்துப் போச்சாம்லா. அவன் சொன்னது பொய் இல்ல. 2025 அக்டோபர் 14-ந் தேதியோட விண்டோஸ் பத்துக்கும், ஆபீசு 2016, 2019 ரெண்டுக்கும் மைக்ரோசாப்ட்டு கையைக் கழுவிட்டான். சரி, மறுநாள் காலையில உம்ம மெஷினு எந்திரிச்சுதா இல்லையா? ஷிப்பிங் பில்லு போச்சா இல்லையா? எல்லாம் போச்சு. சப்போர்ட்டு முடிஞ்சா மெஷினு சாகாது. புதுசா ஓட்டை விழுந்தா அடைக்க ஆளு வராது. அது எவ்வளவு பெரிய வெனைங்கதுக்குப் பொறவு வாரேன்.

அந்தப் பையன் சொல்லாம விட்டதையும் கேளும். விண்டோஸ் பத்துக்குக் காசு கட்டினா கம்பெனிக்காரன் மூணு வருசம் வரைக்கும் ஓட்டைக்கு ஒட்டு வாங்கிக்கிடலாம். வீட்டு மெஷினுக்கு 2026 அக்டோபர் 13 வரைக்கும் ஏற்பாடு வச்சான். ஆபீசு 2016-க்கு அந்தத் தவணையும் கிடையாது, போனா போனதுதான். "2024 வெலை கூட, 2021 ஒண்ணு சல்லிசா இருக்கு, தரவா?"ன்னு அவன் இழுப்பான் பாரும். அதுக்கும் ஆயுசு 2026 அக்டோபர் 13 வரைதான். 2024-க்கு 2029 அக்டோபர் வரை. வெலையைக் கேக்குத முன்னால ஆயுசைக் கேளும். மாடு வாங்கப் போனா பல்லைப் புடிச்சுப் பாக்குத ஊரு வே இது.

இனி ஓசிக்கு வருவோம். கொட்டேஷன்ல கடைசி வரியில "முதல் மாதம் இலவசம்"னு பெரிய எழுத்துல போட்டிருக்கான். நீரு அதுக்குக் கீழ ஒரு கோடும் இழுத்திருக்கீரு. தூத்துக்குடியில பொறந்துட்டு ஓசியைக் கண்டு பல்லை இளிக்கலாமா? 1906-ல வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினாரு. அடுத்த வருசம் 'காலியா', 'லாவோ'ன்னு ரெண்டு கப்பலைக் கொண்டாந்து இங்க இருந்து கொழும்புக்கு ஓட்டினாரு. வெள்ளைக்காரன் பி.ஐ. கம்பெனிக்கு அதுக்கு முன்னால எதிராளியே கிடையாது. என்ன செஞ்சான்? டிக்கெட்டை ஒரு ரூவாயாக் குறைச்சான். சுதேசிக் கப்பல்ல அரை ரூவான்னாங்க. ஒடனே அவன் டிக்கெட்டே வேண்டாம், சும்மா ஏறுங்க, கூட ஒரு குடையும் புடிங்கன்னான். சனம் குடையோட போயிருக்கு. 1911-ல சுதேசிக் கம்பெனியைக் கலைச்சு, கப்பலையும் வித்தாச்சு. அதுக்குப் பொறவு கொழும்புக் கப்பல்ல எவனாவது குடை குடுத்தான்னு நான் கேள்விப்படல்ல.

இதுல இன்னொரு ஓசியும் இருக்கு. போன தீவாளிக்குப் புள்ளைக்கு லேப்டாப்பு வாங்கினீருல்லா, அதுலயே ஆபீசு சும்மா வந்திருக்கு, அதையே ஆபீசுலயும் வச்சுக்கிடலாம்னு ஒரு யோசனை சொன்னீராம். லேப்டாப்போட ஒட்டிக்கிட்டு வாரது வீட்டுக்கும் படிப்புக்கும் உள்ள உரிமம். வியாபாரத்துக்கு வேறே, அதுக்கு 'ஹோம் அண்ட் பிசினஸ்'னு தனிப் பேரு, தனி வெலை. அப்புறம் ஐந்நூறு ரூவாய்க்கு "ஆயுசு பூராவும்"னு ஒரு சாவி நம்பரு விக்கான்லா, அது பெரும்பாலும் ஏதோ ஒரு பெரிய கம்பெனிக்குக் குடுத்த சாவியில இருந்து ஒரு துண்டு. யாரோட ஆயுசு பூராவும்னு அவன் சொல்லுததில்ல. இன்னும் சில பேரு ஆன்டிவைரசை அணைச்சுட்டு 'கிராக்'கை ஏத்தச் சொல்லுவாங்க. சுங்க ஆபீசுக்குக் கணக்குக் குடுக்குத மெஷினுல அதை ஏத்துதவனை நான் மருமவன்னு சொல்லிக்கிட மாட்டேன்.

இந்தப் பக்கம் இப்படின்னா, "பழசே போதும்"னு சொல்லுத கோஷ்டி ஒண்ணு உம்ம ஆபீசுலயே இருக்கு. நம்ம பெரிய அண்ணாச்சியைச் சொல்லுதேன். போன தடவை வந்தப்ப அவுக பின்னால நின்னு பாத்தேன். எக்செல்லுல வரிசையா ஹேண்ட்லிங் சார்ஜு, டெர்மினல் சார்ஜு, லாரி வாடகை எல்லாம் அடிச்சாவ. அடிச்சு முடிச்சதும் மேஜை டிராயரைத் தொறந்து கால்குலேட்டரை எடுத்தாவ. இடது கையில கால்குலேட்டரு, வலது கை ஒவ்வொரு கட்டமாத் தொட்டுக்கிட்டே போகுது. கூட்டி முடிச்சு, டோட்டலை எக்செல்லுல டைப் அடிச்சு, அதைத் திரும்பவும் ஒரு தடவை கூட்டிச் சரி பாத்தாவ. "அண்ணாச்சி, அதுவே கூட்டும்லா?"ன்னு கேட்டேன். "மெஷினை நம்பவா முடியும்?"னாவ. இருவது வருசமா எக்செல்லுல வேலை பாக்காவளாம்! 2007-ல மேல இருந்த மெனுவை எடுத்துட்டு ரிப்பன்னு ஒண்ணை வச்சான் பாரும், அன்னையில இருந்து 'பிரிண்ட் பிரிவியூ'வைத் தேடிக்கிட்டு இருக்காவ. இவுகளுக்கு 2003-ம் ஒண்ணுதான், 2024-ம் ஒண்ணுதான். புதுசு வேண்டாம்னு இவுக சொல்லுததை ஒரு வாதமா எடுத்துக்கிடாதேயும். புதுசு வேணும்னு உம்ம சின்னப் பையன் சொல்லுததையும் எடுத்துக்கிடாதேயும், அவனுக்குக் கருப்புக் கலர்ல ஸ்கிரீன் வேணும், அம்புட்டுதான்.

நெசமாவே புதுசு எங்க வேணும்னா, வெளியே இருந்து வார கோப்புல. நிலாவாரை ஏத்துமதி பண்ணுத பார்ட்டி ஒரு பேக்கிங் லிஸ்டு அனுப்புதான். அதுல 'எக்ஸ்லுக்அப்'னு ஒரு ஃபார்முலா போட்டிருப்பான். உம்ம 2016-க்கு அது என்னன்னே தெரியாது. திறந்தா பழைய விடையைக் காட்டிக்கிட்டு நல்ல பிள்ளையா நிக்கும். நீரு ஒரு எடையைத் திருத்தினா, ஒடனே கட்டம் பூரா எரர் அடிக்கும். இப்படி மாசத்துக்கு எத்தனை தடவை வருதுன்னு ஒரு நோட்டுல கோடு போட்டு எண்ணச் சொல்லும். ரெண்டு கோடு விழுந்தா ஒரு மெஷினை மாத்தினாப் போதும். ஆறு மெஷினை மாத்துத யோசனை அந்தப் பையனோடது, உம்மோடது இல்ல.

இப்பம் அந்த ஓட்டை விசயம். கொஞ்சம் நிமிந்து உக்காரும், இது நம்ம தொழில்ல நடந்தது.

2017 ஜூன் 27. உக்ரைன்ல கம்பெனிக்காரங்க வரிக்கணக்கு அனுப்ப 'எம்.இ.டாக்'னு ஒரு சாஃப்ட்வேரை வச்சிருந்தாங்க, நாம டாலி வச்சிருக்குதாப்புல. அந்த சாஃப்ட்வேரு கம்பெனியோட சர்வருக்குள்ள எவனோ பூந்து, அப்டேட்டுக்குள்ளயே வெசத்தைச் சொருகி அனுப்பிட்டான். ஒழுங்கா அப்டேட்டுப் போட்டவனுக்குத்தான் மொதல் அடி. நாட்பெட்யான்னு அதுக்குப் பேரு வச்சாங்க. டென்மார்க்குக் கப்பல் கம்பெனி மேர்ஸ்க்குக்கும் உக்ரைன்ல ஆபீசு இருந்துச்சு. அங்கன நுழைஞ்சது உலகம் பூரா இருந்த அவுக மெஷினுக்கெல்லாம் பரவிட்டு. பம்பாய் பக்கம் ஜவகர்லால் நேரு துறைமுகத்துல அவுக டெர்மினலு ஒண்ணு இருக்கு, அங்கனயும் கம்ப்யூட்டரு படுத்து, ஆளு வச்சுக் கையால வேலை பாக்க வேண்டியதாப் போச்சு. கப்பல் நிக்குது, லாரி நிக்குது, எந்தப் பொட்டி எங்க இருக்குன்னு சொல்ல ஆளு இல்ல. பத்து நாளுல 4,000 சர்வரு, 45,000 மெஷினு, எல்லாத்தையும் மொதல்ல இருந்து ஏத்தினதா மேர்ஸ்க்கு தலைவரே பொறவு மேடையில சொன்னாரு. நட்டம் 25 கோடி டாலருக்கு மேல.

"பாத்தீரா, அப்டேட்டுப் போட்டா இப்படித்தான்"னு நம்ம பெரிய அண்ணாச்சி குதிப்பாவ. அவுகளை உக்காரச் சொல்லும். அந்த வைரசு ஒரு மெஷினுல இருந்து இன்னொண்ணுக்குத் தாவினது விண்டோஸ்ல இருந்த ஒரு ஓட்டை வழியா. அந்த ஓட்டைக்கு மைக்ரோசாப்ட்டு மார்ச்சு மாசமே ஒட்டு குடுத்தாச்சு. போடாம விட்டவனுக்கு ரெண்டாவது அடி. ஒட்டுப் போட்டவன் தப்பிச்சானான்னா, அதுவும் இல்ல. பக்கத்து மெஷினுல கிடந்த பாஸ்வேர்டை உருவிக்கிட்டு அவன் வீட்டுக்குள்ளயும் போயிட்டு. அப்டேட்டுப் போட்டவனும் விழுந்தான், போடாதவனும் விழுந்தான். நின்னது யாரு தெரியுமா? மேர்ஸ்க்கு ஆளுக உலகம் பூரா தேடி, அவுக நெட்வொர்க்கு மொத்தத்துக்கும் தலைக்கணக்கா இருக்குத சர்வருல ஒரே ஒரு நல்ல காப்பியைக் கண்டுபிடிச்சாங்க. ஆப்பிரிக்காவுல, கானா நாட்டு ஆபீசுல. அன்னைக்கு அங்கன கரண்டு போயிருந்துச்சாம். மெஷினு அணைஞ்சு கிடந்ததால வைரசு தொடல்ல!

கரண்டு போகுத விசயத்துல நம்ம ஊரு கானாவுக்குச் சளைச்சது இல்ல. ஆனா நீரு இன்வெர்ட்டரைப் போட்டு அந்தப் பாக்கியத்தையும் கெடுத்து வச்சிருக்கீரு. அதனால இதையாவது செய்யும். வெளிய கழட்டி வைக்குத டிஸ்கு ஒண்ணு வாங்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாத்தையும் அதுல ஏத்திட்டு, கழட்டி, பூட்டி, சாவியை என் தங்கச்சிகிட்ட குடும். வயரோட தொங்கவிட்டுட்டு "பேக்கப்பு இருக்கு மாமா"ன்னு சொல்லாதேயும், மெஷினைப் புடிச்சது அந்த டிஸ்கையும் சேத்துத்தான் புடிக்கும். புது வெர்ஷன் வாங்குததுக்கு முன்னால இதை வாங்கும். வெலையும் கொறைவு, விக்க வாரவனுக்கு இதுல லாபமும் கொறைவு, அதனாலதான் கொட்டேஷன்ல இது இல்ல.

பழைய காயிதம் பக்கம் வாரும். உம்ம ஆபீசு மெஷினுல 'தோணி'ன்னு ஒரு ஃபோல்டரு இருக்கு. மாலத்தீவுக்கும் கொழும்புக்கும் ஓடின தோணிக்காரங்களுக்கு நாம தமிழ்ல எழுதின லெட்டரெல்லாம் அதுலதான் கிடக்கு. அதை உம்ம புது லேப்டாப்புல தொறந்தீரா? நான் தொறந்தேன். 'தூத்துக்குடி'ன்னு இருக்க வேண்டிய எடத்துல என்ன இருக்கு தெரியுமா? இங்கிலீசுல பெரிய ஜே ஒண்ணு, வளைஞ்ச பிராக்கெட்டு ஒண்ணு, சின்ன ஜே, ஒரு அரைப்புள்ளி, மறுபடியும் பெரிய ஜே, சின்ன எஃப், இன்னொரு அரைப்புள்ளி, பெரிய எஃப், சின்ன பி. ஊரு பேரே அப்படின்னா பாக்கி எப்படி இருக்கும்? அந்த லெட்டரெல்லாம் பாமினி எழுத்துருவுல அடிச்சது. அந்த எழுத்துரு இருக்க மெஷினுலதான் அது தமிழு, இல்லாத மெஷினுல பூச்சி. வானவில்லுல அடிச்சவன் கதையும் இதேதான். 2010 ஜூன்ல கோயமுத்தூர்ல செம்மொழி மாநாடு நடந்த சமயத்துலதான் தமிழ்நாடு அரசு யூனிகோடைப் பொது முறையா ஆணை போட்டுச்சு. அதுக்கு முன்னால ஊருக்கு ஒரு எழுத்துரு, ஆபீசுக்கு ஒரு எழுத்துரு.

இது புது வெர்ஷனோட குத்தம் இல்ல, பாத்துக்கிடும். ஆனா மெஷினை மாத்துத அன்னைக்குத்தான் இது கண்ணுல படும், அன்னைக்குப் பழைய மெஷினு எக்ஸ்சேஞ்சுல போயிருக்கும். அதனால பழசுல ஒண்ணே ஒண்ணை நெட்டு வயரைப் புடுங்கிட்டு மூலையில வையும். அதுலயே எல்லா லெட்டரையும் பி.டி.எஃப்.பா மாத்தும். திருத்த வேண்டியது ஏதாவது இருந்தா, பாமினியில இருந்து யூனிகோடுக்கு மாத்துத கருவி சும்மாவே கிடைக்கு. அதுல மாத்திட்டு ஒரு ஆளு உக்காந்து படிச்சுப் பாக்கணும். பெரிய அண்ணாச்சியை உக்கார வையும், அவுக மெஷினை நம்ப மாட்டாவ, எழுத்து எழுத்தாப் பாப்பாவ.

ஜாப் ரிஜிஸ்டரும் இன்னும் பழைய எக்ஸ்.எல்.எஸ். கோப்பாத்தான் இருக்கு. அதுல 65,536 வரிக்கு மேல போகாது. 2007 வெர்ஷன்ல இருந்து வார கோப்புல பத்து லட்சத்துக்கு மேல போகும். "அவ்வளவு ஜாபு நமக்கு எங்க மாமா வருது"ன்னு சிரிக்கீரு. இங்கிலாந்துலயும் அப்படித்தான் நெனச்சாங்க. 2020 கொரோனா சமயத்துல லேபுல இருந்து வந்த கணக்கைப் பழைய எக்ஸ்.எல்.எஸ். கோப்புல ஏத்தினாங்க. வரி தீர்ந்து போச்சு, கோப்பு வாயைத் தொறந்து ஒண்ணும் சொல்லல்ல. செப்டம்பர் 25-ல இருந்து அக்டோபர் 2-க்குள்ள 15,841 நோயாளியோட பேரு கணக்குல வராமப் போச்சு. புதுக் கோப்பா மாத்தி வைக்க ஒரு நிமிசம் ஆகாது, அதுக்கு உம்ம 2016-ஏ போதும், காசும் கிடையாது. காசு இல்லாத வேலைன்னா உமக்குக் கை வராது, அதுதான் சங்கடம்.

சரி, மாத்தலாமா வேண்டாமா? அதை நான் சொல்ல மாட்டேன். மாதிரி எடுத்துப் பாரும், அது சொல்லும்.

எனக்கு வெவரம் தெரிய நம்ம கடல்ல முத்துக்குளிப்பு நடந்துச்சு. 1955-ல தொடங்கி 1961 வரைக்கும். கடலடிப் பாருல சிப்பி அடையா ஒட்டிக் கிடக்குன்னு கேள்விப்பட்ட ஒடனே எவனும் குதிச்சுர மாட்டான். மீன்வளத்துறைக்காரங்க முன்னாடியே குளிகாரங்களைக் கூட்டிட்டுப் போவாங்க. பாருல அங்கங்க குளிக்க வச்சு மாதிரிக்குச் சிப்பி எடுப்பாங்க. அதைக் கரையில போட்டு அழுக விட்டு, கழுவி, எத்தனை முத்து தேறுது, என்ன அளவு, என்ன வெலை போகும்னு வியாபாரிய வச்சு மதிப்புப் போடுவாங்க. அது கட்டுபடியாகும்னாத்தான் முத்துக்குளிப்பு எந்த மாசம்னு அறிவிப்பே வரும். மதிப்பு தேறலைன்னா அந்த வருசம் குளிப்பு இல்ல. 1961-க்குப் பொறவு இங்க முத்துக்குளிப்பு நடக்கவே இல்ல, ஆனா பாரைப் பாக்குததை விடல்ல. கரையில கூட்டம் எவ்வளவு இருந்தாலும், வியாபாரி எத்தனை பேரு வந்து டேரா போட்டாலும், மாதிரிச் சிப்பி சொன்னதுதான் கணக்கு.

நீரும் அதைச் செய்யும். ஒரே ஒரு மெஷினுல புது வெர்ஷனை ஏத்தும். அந்த 'முதல் மாதம் இலவசம்' இதுக்குத்தான் லாயக்கு, வாங்கிக்கிடும். வாங்கின அன்னைக்கே காலண்டருல முடியுத தேதியை எழுதி வையும், கார்டு நம்பரைக் குடுத்திருந்தீருன்னா ரெண்டு நாளு முன்னாலயே எழுதும். சுலபமான கோப்பைத் தொறந்து பாத்துட்டு "நல்லா ஓடுது மாமா"ன்னு சொல்லாதேயும். லெட்டர்பேடு எந்த வெர்ஷன்லயும் ஓடும். ஆபீசுலயே மோசமான கோப்பு எதுவோ அதைக் கொண்டாரும். எதுன்னு உமக்கும் தெரியும்: 'பில்லு'ன்னு ஒரு பட்டன் வச்ச எக்செல்லு. அதை எழுதின பையன் துபாய்க்குப் போயி வருசமாச்சு. உள்ள இருக்க மேக்ரோவுக்குப் போட்ட பாஸ்வேர்டும் அவனோட கப்பலேறிட்டு. அமுக்கினா பில்லு வருது, எப்படி வருதுன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. புது ஆபீசு பெரும்பாலும் 64 பிட்டாத்தான் ஏறும். அந்தப் பையன் 32 பிட்டுக் காலத்துல எழுதினது அதுல மக்கர் பண்ண வாய்ப்பு உண்டு. 32 பிட்டும் கேட்டா ஏத்தலாம், ஆனா கேக்கத் தெரியணும். மெயில்ல வந்த கோப்புன்னா மேக்ரோவை ஓடவே விடாது, 2022-ல இருந்து அப்படிப் பூட்டி வச்சிருக்கான். அது நல்லதுக்குத்தான், கோப்போட பிராப்பர்ட்டீசுல போயி 'அன்பிளாக்' டிக்கு அடிச்சாத்தான் தொறக்கும்.

பொறவு டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைச் சொருகி, சுங்க ஆபீசோட ஐஸ்கேட்டு தளத்துல ஒரு பில்லு போகுதான்னு பாரும். அதுல ஆபீசு சாஃப்ட்வேருக்கு வேலை இல்லைன்னு அந்த விக்கிற பையன் சொல்லுவான், சரிதான். ஆனா மெஷினை விண்டோஸ் பதினொண்ணுக்கு மாத்துனீருன்னா டோக்கனோட டிரைவரும் அதுல ஏறணும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரு இருக்கே, அச்சடிச்ச ரசீதுக் கட்டுல எழுத்தைக் கட்டத்துக்குள்ள போடுத கிழவன், அவன்கிட்டயும் அனுப்பிப் பாரும். ஒரு நூலு தள்ளி விழுந்தாலும் பார்ட்டி திருப்பி அனுப்பிருவான். டாலியில இருந்து எக்செல்லுக்குக் கணக்கு எடுத்துப் பாரும். எல்லாத்தையும் மாசக் கடைசியில பாரும், பத்தாந் தேதியில எல்லாமே நல்லாத்தான் ஓடும். விண்டோஸ் பதினொண்ணுக்குப் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை இன்டெல்லோ அதுக்கு மேலயோ வேணும், டி.பி.எம். 2.0-ன்னு ஒரு சில்லும் வேணும். உம்ம ஆறுல எத்தனைக்கு அது இருக்குன்னு பாத்தீரா? அந்தப் பையன் பாத்திருக்கான். அதனாலதான் கொட்டேஷனோட ரெண்டாம் பக்கத்துல ஆறு புது மெஷினும் இருக்கு. நீரு மொதப் பக்கத்தை மட்டும் எனக்கு அனுப்பினீரு. தங்கச்சி ரெண்டாவதையும் அனுப்பிட்டா.

வாடகைக்கா, வெலைக்கான்னு கேட்டீருல்லா. வாடகைன்னா புதுசு புதுசா வந்துக்கிட்டே இருக்கும், அது உள்ளது. ஆனா சாவி வீட்டுக்காரன் கையில. 2025 ஜூலையில குஜராத்து வாடினாருல எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வச்சிருக்க நயாரா எனர்ஜி கம்பெனிக்கு என்ன ஆச்சு? அந்தக் கம்பெனியில ரஷ்யாக்காரன் பங்கு இருக்குன்னு ஐரோப்பாக்காரன் தடை போட்டான். ஒடனே மைக்ரோசாப்ட்டு அவுக மெயிலு, கோப்பு எல்லாத்தையும் நிறுத்திட்டான்னு நயாரா டெல்லி ஐகோர்ட்டுக்குப் போச்சு. காசு கட்டியாச்சுன்னு சொன்னாங்க. சில நாளுல திரும்பக் குடுத்துட்டான். அவுகளுக்கு ஐகோர்ட்டு வக்கீலு இருந்தாரு. உமக்கு யாரு இருக்கா? நான்தான் இருக்கேன், எனக்கு டெல்லி வரைக்கும் ரயில்ல உக்கார முடியாது.

"அப்பம் நம்ம தென்காசிச் சரக்கு சோஹோவைப் போடுவோமா?"ன்னு கேப்பீரு. கேளும், தப்பில்ல. மத்தளம்பாறையில ஆபீசு வச்சு ஊருப் புள்ளைகளுக்கு வேலை குடுக்காங்க. 2025 அக்டோபர்ல மத்தியக் கல்வித் துறையே அதிகாரிகளை சோஹோ ஆபீசுல வேலை பாக்கச் சொல்லிருச்சு, உள்துறை மந்திரி அமித் ஷாவும் மெயிலை அதுக்கு மாத்திக்கிட்டாரு. எனக்கும் பெருமைதான். ஆனா சாவி அங்கனயும் உம்ம கையில இல்ல, பக்கத்து ஊருல இருக்கு, அவ்வளவுதான். உம்ம 'பில்லு' பட்டனு அதுல அமுங்குதான்னும் பாக்கணும். சாவி வேண்டாம்னா லிப்ரே ஆபீசு இருக்கு, சும்மா வாரது, குடை ஒண்ணும் குடுக்க மாட்டான். 2006, 2007-ல உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தமிழ்நாடு அரசு கம்பெனி எல்காட்டுல மேலாண்மை இயக்குநரா இருந்தப்ப அந்த ஆபீசையே லினக்சுக்கும் ஓப்பன் ஆபீசுக்கும் மாத்தினாரு, அந்த ஓப்பன் ஆபீசுல இருந்து 2010-ல பிரிஞ்சு வந்ததுதான் லிப்ரே. லெட்டர் அடிக்கவும், கூட்டல் கழித்தலுக்கும் தாராளமாப் போதும். பழைய மேக்ரோதான் அதுல நொண்டும்.

என் கணக்கைக் கேட்டா, பில்லு போடுத மெஷினுக்கும் பார்ட்டி கோப்பு வார மெஷினுக்கும் 2024 வெலைக்கு வாங்கும், பிசினஸ் உரிமமாப் பாத்து. அதுவும் மாதிரி தேறினாத்தான். மத்ததுல லிப்ரேயை ஏத்தும். நெட்டுல இருக்க எந்த மெஷினும் ஒட்டு இல்லாத விண்டோசோட நிக்கக் கூடாது, அதுல மட்டும் தயவு தாட்சணியம் பாக்காதேயும். பெரிய அண்ணாச்சிக்கு நீரே போயி பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடும், அந்த விக்கிற பையனை விட்டுச் சொல்லச் சொன்னா அவுக மறுநாள் லீவு போட்டுருவாவ. கால்குலேட்டரைப் புடுங்காதேயும், அது இருந்துட்டுப் போகட்டும்.

ஆறாவது மெஷினு, கண்ணாடி ரூமுல ஏ.சி.க்குக் கீழ நீரு வச்சிருக்கீரே, அதுல ஆபீசை மட்டும் எப்பம் வேணும்னாலும் மாத்தும், மாத்தாமலும் இரும். அதுல நான் பாத்த வரைக்கும் ஓடுதது கிரிக்கெட்டும் சீட்டாட்டமும்தான், அது எந்த வெர்ஷன்லயும் நல்லா ஓடும்.